ஒரு வேன், நான்கு நண்பர்கள், ஐந்து ஏரிகள்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் அமர்ந்து எப்போது பந்தி போடுவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்றைய மாணவச் செல்வங்களே,

பின்வரிசையைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. 1974ல் சிவில் பிரிவில் சேர்ந்து 1979ல் வெளியே போகிற வரைக்கும் அந்த வரிசைதான் என்னுடைய நிரந்தர முகவரி. சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்து, "அணை, கால்வாய்னு முப்பத்து நாலு வருஷம் சர்வீஸ் போட்டவர் நீங்க. அதைப்பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுங்க சார்" என்றார். அணையைப் பற்றிப் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்து, "ஊர் சுற்றிய கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன்" என்றேன். சரி என்று விட்டுவிட்டார்.

2024 ஏப்ரல் இரண்டாவது வாரம். ஒரு வாடகை வேன். அதில் நாங்கள் நான்கு பேர். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, பட்டப்பெயரைச் சொன்னால் என் செட் ஆட்கள் கைதட்டுவார்கள். ஒருவன் மெஸ் செயலாளர். ஹாஸ்டலில் இரண்டு வருஷம் அந்தப் பதவி வகித்தான், இன்றைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சமையல்கட்டைத்தான் எட்டிப் பார்ப்பான். இரண்டாமவன் பஞ்சாங்கம். பரீட்சைக்கு என்ன கேள்வி வரும் என்று சொல்லுவான், ஒன்றும் வராது. மூன்றாமவன் லாக் டேபிள், மெக்கானிக்கல். பேசவே மாட்டான், கணக்கு மட்டும் எழுதுவான். நான்காவது நான். வண்டி ஓட்ட பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவர். எங்கள் நான்கு பேர் மாத்திரை டப்பாக்களையும் வரிசையாக டேஷ்போர்டில் அடுக்கி வைத்து, "காலைல எதுங்க, ராத்திரி எதுங்க?" என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்த புண்ணியவான்.

திட்டம் இதுதான். பொள்ளாச்சியில் ஏறி டாப்ஸ்லிப், பரம்பிக்குளம். இறங்கி உடுமலை வழியாக அமராவதி, சின்னாறு, மறையூர், மூணாறு, இரவிகுளம். அங்கிருந்து ஏலக்காய் மலை வழியாகத் தேக்கடி. கம்பத்தில் இறங்கி வீடு. ஏழு நாள்.

தேர்தல் நேரம். முதல் நாளே பறக்கும் படை வண்டியை நிறுத்தி, பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார்கள். மெஸ் செயலாளர் பையில் மூன்று கிலோ முறுக்கு. அதை விநியோகத்துக்குக் கொண்டுபோகிறோமோ என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம். எங்கள் வயதைப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

சேத்துமடை தாண்டி மலை ஏறினால் டாப்ஸ்லிப். வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர். வெட்டித் தீர்த்த அதே மலையில் மறுபடியும் தேக்கை வளர்த்துக் காட்டிய ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி 1933ல் இறந்து அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். கல்லறைக்குப் போனோம். சுற்றிலும் அவருடைய தேக்கு. பஞ்சாங்கம் உருகிப் போய்விட்டான். எனக்கு அந்தத் தேக்குத் தோப்பைவிடப் பக்கத்திலிருக்கிற கரியன் சோலைதான் பிடித்தது. தோப்பில் மரத்தை வரிசையாக எண்ணலாம். சோலைக்குள் எதையும் எண்ண முடியாது. ஒரு மரத்தின் மேல் இன்னொரு செடி, அதன் மேல் பாசி, மேலே எங்கேயோ ஓர் இருவாச்சி இறக்கை அடித்துப் போகிற சத்தம். ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல இருக்கும் அந்தச் சத்தம், பறவையைப் பார்க்காதவர்கள்கூடச் சத்தத்தைக் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பரம்பிக்குளம் ஒரு விசித்திரமான இடம். நிலம் கேரளம். ஆனால் சாலை தமிழ்நாட்டுப் பக்கமிருந்துதான். அணையைப் பராமரிப்பது தமிழ்நாடு. அங்கே தேங்குகிற தண்ணீர் தூணக்கடவுக்கு வந்து, சுரங்கம் வழியாக சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்கி, காண்டூர் கால்வாயில் ஏறி, திருமூர்த்தி அணைக்கு வந்து, கொங்கு நாட்டில் நான்கு மண்டலமாகப் பிரித்து ஏறக்குறைய மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்குப் போகிறது. பார்த்தீர்களா, அணையைப் பற்றிப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பித்துவிட்டேன். மன்னிக்கணும்.

வனத்துறை வேனில், வழிகாட்டியாக வந்த காடர் இனத்து இளைஞர் ஒருவரோடு உள்ளே போனோம். கன்னிமாரா தேக்கைக் காட்டினார். சுற்றளவு ஆறு மீட்டருக்கு மேல். நாங்கள் நால்வரும் கைகோத்தும் வளையம் முடியவில்லை, டிரைவர் தம்பியைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதை வெட்டப் போனபோது ரத்தம் கசிந்தது என்று ஒரு கதை. கதை எப்படியோ, மரம் தப்பித்தது.

அங்கிருந்து ஏரிக் கரை. எனக்கு முன்னால் மலைகள், நடுவே விரல் விரலாக உள்ளே போகிற தண்ணீர். மற்ற மூவரும் வாயடைத்து நிற்கிறார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "லெவல் என்னப்பா?"

மெஸ் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க இருக்கிற அமிர்தம் எத்தனை கன அடின்னு கேப்பியாடா நீ?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. பரம்பிக்குளம் என்றால் என் மனசில் 72 அடி. அவ்வளவுதான். 2022 செப்டம்பரில் அந்த அணையின் மூன்று ஷட்டர்களில் ஒன்று உடைந்து தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்ததே, அன்றைக்கு ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டதும் "எத்தனை டி.எம்.சி. போச்சு?" என்றுதான். நானும் அதையேதான் கேட்டேன். அந்தக் கரையில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

ஏப்ரல் மாதம், தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது. நிறைமட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே அகலமாக ஒரு பட்டை. மேல்பகுதி வெடித்த மண், தண்ணீரை ஒட்டிய பகுதி பச்சைப் பசேலென்று இளம்புல். அந்தப் புல்லில் காட்டுமாடுகள். லாக் டேபிள் எண்ணினான், இருபத்து மூன்று. தள்ளி ஓரமாகப் புள்ளிமான் கூட்டம். மாணவர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். மலைச்சரிவில் புல் காய்ந்து கருகிக் கிடக்கிற மாதத்தில், ஏரி இறங்க இறங்கப் புதுமண் வெளியே வருகிறது. ஈரம் இருக்கிறது, வண்டல் இருக்கிறது, வாரத்துக்கு வாரம் புதுப்புல் முளைக்கிறது. மேய்கிற மிருகம் அத்தனையும் தண்ணீரைத் துரத்திக்கொண்டே கீழே வருகிறது. நான் பதிவேட்டில் அந்த இடைவெளியை முப்பத்து நாலு வருஷம் ஒரே வார்த்தையில்தான் எழுதியிருக்கிறேன். பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையின் மேல்தான் இருபத்து மூன்று காட்டுமாடுகள் நின்று மேய்ந்துகொண்டிருந்தன.

அந்த இளைஞர் கையை நீட்டி ஒரு திட்டைக் காட்டினார். "எங்க தாத்தா ஊரு அந்தத் திட்டுக்கு நேரா கீழ சார். அணை கட்டுறப்ப மேல வந்துட்டாங்க." வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு எங்கே என்று கேட்டால் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார். எங்கள் நால்வருக்கும் பதில் தெரியவில்லை.

இறங்கிவிட்டோம். அமராவதியில் முதலை பார்த்தோம். கரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, கல் என்று நினைத்துப் பஞ்சாங்கம் அதை நோக்கி நாலடி எடுத்து வைத்தான். அந்த அணை நீரில் காட்டு முதலைகள் இன்றும் குட்டி போட்டு, மன்னிக்கவும், முட்டையிட்டுப் பெருகுகின்றன. அடுத்து சின்னாறு. கேரளத்துக்குள் இருக்கிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். மழை மறைவுப் பிரதேசம், முள்ளும் கள்ளியும். ஆற்றங்கரை மரங்களில் மட்டும் பசுமை, அதில் நரை அணில்கள். மறையூரில் கற்திட்டைகளும் சந்தனக் காடும். மெஸ் செயலாளருக்கு அவ்வூர் வெல்லம் மட்டும்தான் கண்ணில் பட்டது, பத்துக் கிலோ வாங்கி வண்டியில் ஏற்றினான்.

இரவிகுளத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். 97 சதுர கிலோமீட்டர், 1978ல் தேசியப் பூங்கா ஆனது. வரையாடுகளுக்காகவே காப்பாற்றப்பட்ட இடம். குட்டி போடுகிற காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் சாத்திவிட்டு ஏப்ரலில் திறப்பார்கள். ஆகவே நாங்கள் போனது குட்டிகளின் நேரம். வனத்துறைப் பேருந்தில் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி மேலே இறங்கினால், சாலை ஓரத்திலேயே, நம்மைச் சட்டை பண்ணாமல், தாயும் குட்டியுமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன. செங்குத்துப் பாறையில் ஒரு குட்டி பந்து மாதிரி துள்ளித் துள்ளிப் போனது. எனக்கு மூட்டுவலி, பார்க்கவே பொறாமையாக இருந்தது. வரையாடு நம் மாநில விலங்கு. தமிழ்நாட்டுப் பக்க மலைகளில் 2024ல் எடுத்த கணக்கில் 1,031, அடுத்த ஆண்டில் 1,303.

எதிரே ஆனைமுடி, 2,695 மீட்டர். கீழே எங்கு பார்த்தாலும் புல்வெளி, மடிப்பு மடிப்பாக, மடிப்புக்குள் மட்டும் கருகருவென்று சோலை. இங்கே ஏரி கிடையாது. ஆனால் எனக்குத் தண்ணீர்ப் புத்தி போகுமா? புல்லும் சோலையும் சேர்ந்து மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுகிறது. ஒரு பக்க ஓடைகள் பெரியாற்றுக்கும் சாலக்குடி ஆற்றுக்கும் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகின்றன. இன்னொரு பக்கம் பாம்பாறாகி அமராவதிக்கு வந்து காவிரியில் கலந்து வங்கக்கடலுக்குப் போகிறது. ஷட்டர் இல்லை, சங்கிலி இல்லை, பராமரிப்பு எஸ்டிமேட் இல்லை. நான் இதை லாக் டேபிளிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் யோசித்து, "தணிக்கையும் இல்லை" என்றான். பயணம் முழுக்க அவன் அடித்த ஒரே ஜோக்.

குறிஞ்சி அங்கே 2018ல் பூத்தது, இனி 2030. பஞ்சாங்கம் விரல்விட்டு எண்ணி, "எழுபத்து மூணு வயசு. வந்துடலாம்டா" என்றான். அவன் சொன்ன கேள்வி எதுவும் பரீட்சைக்கு வந்ததில்லை என்றாலும், இதையாவது நம்புவோம் என்று கைகுலுக்கிக்கொண்டோம்.

மூணாற்றிலிருந்து தேக்கடி போகிற வழியில் ஆனையிறங்கல் என்று ஓர் ஏரி. பெயரே சொல்லிவிடும். யானைகள் தண்ணீருக்கு இறங்குகிற இடம். அதுவும் அணை கட்டித் தேக்கியதுதான். சுற்றிலும் தேயிலை, ஏலம், வீடுகள். நடுவில் அந்த நீல நீர். நாங்கள் போன மதியம் எதிர்க்கரையில் ஐந்து யானைகள், ஒன்று குட்டி. டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அரிக்கொம்பன் இங்கதான் சார் இருந்தான்" என்றார்.

உங்களில் பலர் 2023ல் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்ற ஒற்றை ஆண் யானை. அந்த ஏப்ரல் கடைசியில் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் மலை இறங்கி மே 27ந் தேதி கம்பம் நகரத்துத் தெருவில் ஓடியது. 144 தடை போட்டார்கள். அடிபட்ட ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5ந் தேதி மறுபடி பிடித்து, தென்கோடியில் மேல் கோதையாறு காட்டுக்கு ஏற்றிப் போனார்கள். ஆனையிறங்கல், பெரியாறு, கம்பம். நாங்கள் போன ரூட்டும் அதுவேதான். எங்களுக்கு வழியில் டீ கிடைத்தது, வரைபடம் இருந்தது, அதற்கு இரண்டும் இல்லை. அந்த மக்கள் பட்ட பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராத்திரி சுவர் இடிந்தால் தெரியும். ஆனால் ஓர் அணைக்கரையிலிருந்து இன்னோர் அணைப் பக்கம், அங்கிருந்து மூன்றாவது அணைப் பக்கம் என்று ஒரு யானையை இடமாற்றம் செய்வதைப் பார்த்தபோது, எங்கள் துறையில் வந்த டிரான்ஸ்பர் ஆர்டர்கள்தான் நினைவுக்கு வந்தன.

தேக்கடி. 1887ல் ஆரம்பித்து 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்தான் தேக்கடி ஏரி. மேற்கே போகிற ஆற்றை மறித்து, மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்து, கிழக்கே வைகைப் பக்கம் திருப்பினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும். சிவில் மாணவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். இன்றைய நீர்மட்ட வழக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை, கவலைப்படாதீர்கள். அணைக்கு அப்புறம் 1934ல் திருவிதாங்கூர் அரசு அங்கே ஒரு வேட்டை விலங்குச் சரணாலயம் அமைத்தது. 1978ல் புலிகள் காப்பகம். இன்று 925 சதுர கிலோமீட்டர்.

எல்லோரும் போகிற படகில் ஒருநாள் போனோம். எல்லோரும் கவச உடை கட்டியிருக்கிறார்களா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்கிறார்கள். 2009 செப்டம்பர் 30ந் தேதி அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். யாராவது "அதோ யானை" என்று கத்தினால் ஒரே பக்கமாக எழுந்து ஓடாதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே யானை தெரியும், அது பெரிய பிராணி.

மறுநாள் மூங்கில் தெப்பத்தில். வயதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் ஏற்றினார்கள். துப்பாக்கியோடு ஒரு காவலர், துடுப்புப் போட வழிகாட்டிகள். மோட்டார் சத்தம் இல்லாமல் ஏரியில் போவது வேறு அனுபவம். தண்ணீருக்குள் நிற்கிற பட்ட மரங்களை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை 1895ல் மூழ்கிய காட்டின் மரங்கள். நூற்று இருபது வருஷத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகமோ பாம்புத்தாராவோ இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வளைவில் நீர்நாய்கள், ஆறோ ஏழோ. ஒன்று மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாம் சோளக்கதிர் தின்பதுபோலக் கடித்துத் தின்றது. அது தின்றது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ஜிலேபி மீன் என்று வழிகாட்டி சொன்னார். உலகத்தில் பெரியாற்றைத் தவிர வேறெங்குமே இல்லாத ஒரு கெண்டை இனம் இந்த நீரில் இருக்கிறது, அதன் பாடுதான் திண்டாட்டம்.

கரையில் இங்கேயும் அதே பச்சைப் பட்டை. மிளா ஒன்று முழங்கால் தண்ணீரில் நின்று மேய்ந்தது. பின்னால் யானைக் கூட்டம், நடுவே குட்டி.

துடுப்புப் போட்டவருக்கு அறுபது வயது இருக்கும். வயணாப் பட்டை என்று காட்டு லவங்கப் பட்டை, அதைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களை 1990களின் கடைசியில் வனத்துறை கூப்பிட்டுப் பேசி, வழக்குகளை முடித்து, காட்டுக்குக் காவலும் வழிகாட்டியுமாக ஆக்கியது. அவர் அந்தக் குழுவில் ஒருவர். "எத்தனை மரம் உரிச்சிருப்பீங்க?" என்று மெஸ் செயலாளர் கேட்டான். அவர் துடுப்பை நிறுத்தாமல், "கணக்கு வச்சா சாமி பொறுக்காது சார். உரிச்சா அந்த மரம் செத்துப்போகும். தெரிஞ்சேதான் உரிச்சோம். புள்ளைக்குப் பசி" என்றார். கொஞ்ச தூரம் போய், என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலைங்க சார்?" என்றார்.

"கால்வாய் இன்ஜினியர்" என்றேன். சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் வீட்டில்கூடச் சொல்லாததை அந்தத் தெப்பத்தில் சொன்னேன். மாணவர்கள் இருப்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

1986. நான் உதவிப் பொறியாளர். மலை அடிவாரத்தில் ஒரு கால்வாய், ஊர்ப் பெயர் வேண்டாம். பழைய கால்வாய்க்குக் காங்கிரீட் லைனிங் போடுகிற வேலை. அந்தப் பகுதி ரேஞ்சர் ஒரு கடிதம் கொடுத்தார். யானை, மான் நடமாட்டம் இருக்கிறது, உள்ளே விழுந்தால் ஏறமுடியாது, இரண்டு இடத்தில் சாய்தளம் வையுங்கள் என்று. நியாயமான கடிதம். எஸ்டிமேட்டில் சேர்த்துவிட்டேன். கூட்டிப் பார்த்தால் மொத்தத் தொகை செயற்பொறியாளரின் அனுமதி வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. தாண்டினால் ஃபைல் மேலே போகவேண்டும், நாலு மாசம். சிவப்பு மையை எடுத்து அந்த இரண்டு வரியை அடித்தேன். ஓரத்தில் "தற்போது தேவையில்லை" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நானேதான்.

வேலை முடிந்து முதல் பாசனம். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ச்மேன் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுகிறார். "சார், குட்டி யானை விழுந்திருச்சு. கூட்டம் கரையில நிக்குது." ஜீப்பில் போனேன். ஒன்பது அடித் தண்ணீர், வழவழவென்று நான் போட்ட லைனிங். தாய் கரையோரமாகவே தண்ணீரோட்டத்தோடு நடந்து வருகிறது, தும்பிக்கையை நீட்டுகிறது, எட்டவில்லை. மதகை அடைக்கச் சொல்ல வேண்டும். கடைமடைக்காரர்களுடைய முறை அன்றைக்கு, அனுமதி கேட்க போன் கிடைக்கவில்லை. கிடைத்து, அடைத்து, அத்தனை மைல் தண்ணீர் வடிவதற்குள் விடிந்துவிட்டது. சைபன் முகப்பில் இருக்கிற கம்பித் தடுப்பில் குட்டி சேர்ந்திருந்தது. தாய் அன்று முழுக்க அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

அறிக்கை எழுதினேன். படிவத்தில் இரண்டு கலம். அரசு உடைமைக்குச் சேதம்: இல்லை. பாசனத்துக்குப் பாதிப்பு: ஏழு மணி நேரம். கீழே கையெழுத்து.

தெப்பத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. துடுப்புப் போட்டவர் மட்டும், "அப்புறம் அந்தச் சாய்தளம் வச்சாங்களா சார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷமே மாற்றலாகிப் போய்விட்டேன். போய்ப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை. "தெரியாது" என்றேன். "போய்ப் பாருங்க" என்றார்.

குமுளியில் இறங்கும்போது பெரியாற்றுத் தண்ணீர் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குவது தெரியும். மற்ற நாளாக இருந்தால் அரைமணி நேரம் வகுப்பு எடுத்திருப்பேன். பேசாமல் வந்தேன். கம்பம் தாண்டியதும் மெஸ் செயலாளர் டிரைவரிடம், "தம்பி, நேரா வீட்டுக்கு வேண்டாம். இவன் ஒரு இடம் சொல்வான், அங்க விடு" என்றான். லாக் டேபிள் கூடுதல் கிலோமீட்டரைத் தன் பங்கில் எழுதிக்கொண்டதை அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை அங்கே போய்ச் சேர்ந்தோம். கால்வாயில் தண்ணீர் இல்லாத நாள். லைனிங் புதிது, என்னுடையது எப்போதோ போய்விட்டது. நான் அடித்த இரண்டு இடத்தில் ஓர் இடத்தில் சாய்தளம் இருக்கிறது. எனக்குப் பின்னால் வந்த யாரோ வைத்திருக்கிறார்கள். அதன் மேல் மான் புழுக்கை, காய்ந்ததும் ஈரமானதுமாக. உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபடியே பார்க்கப் பார்க்கப் பழைய புத்தி. டிரைவர் தம்பியிடம் டேப் வாங்கி அளந்தோம். உயரம் ஒன்றுக்கு நீளம் ஒன்றரைதான் வைத்திருக்கிறார்கள். மான் ஏறிவிடும். ஈரத்தில் யானைக்குட்டி ஏறாது. ஒன்றுக்கு நான்காவது வேண்டும். மேல்பரப்பு வழவழப்பாக இருக்கக் கூடாது, கரடுமுரடாகக் கல் பாவவேண்டும். சாய்தளத்துக்குக் கொஞ்சம் கீழே, தண்ணீரின் குறுக்கே சாய்வாக ஒரு மிதவைச் சங்கிலி கட்டினால், நீந்தி வருகிற மிருகத்தை அது தானாகவே சாய்தளத்தின் பக்கம் ஒதுக்கிவிடும். இரண்டாவது இடத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டுக்கும் சேர்த்து வரைபடம் போட்டு, எஸ்டிமேட்டும் எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. இரண்டு நினைவூட்டல் போட்டாயிற்று. மூன்றாவதை எழுதி வைத்திருக்கிறேன். என் கண் இப்போது சரியில்லை, ஸ்கேலில் தப்பு இருக்கலாம். அந்த வரைபடத்தின் நகல் இருபது எடுத்து வந்திருக்கிறேன், வாசல் பக்கத்து மேசையில் மறையூர் வெல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிவில் மாணவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போய் அளவுகளைச் சரிபாருங்கள். தப்பிருந்தால் சிவப்பு மையில் அடித்து, சரியான அளவை எழுதி, நாளைக் காலைக்குள் ஹாஸ்டல் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். நான் பத்து மணி பஸ்ஸுக்குத்தான் கிளம்புகிறேன்.